தென்றலின் மீது விழுந்த பழி

குற்றாலச் சாரலைப் பாடாத தமிழ்ப் புலவர் குறைவு. ஆனி பிறந்து மேகம் மலைமுகட்டில் இறங்கிவிட்டால், தென்காசிக் கடைத்தெருவில் நடப்பவர் முகத்திலும் ஒரு குளிர்ச்சி படர்ந்துவிடும். பொதிகையில் பிறந்து வரும் தென்றலை மன்மதனுக்குத் தேராக்கிப் பார்த்தது நம் இலக்கிய மரபு. திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியதும் இந்த மலையடிவாரத்தில்தான். இத்தகைய காற்றைக் கொலைகாரனோ என்று ஐயுற்று ஓர் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது என்றால் நண்பர்கள் நம்புவீர்களா?

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய சீமைகளில் ஒரு கொடுங்காய்ச்சல் பரவி மக்களை வாரிக்கொண்டு போயிற்று. தென்காசியும் குற்றாலமும் அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. (தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான்.) காரணத்தைக் கண்டறியுமாறு கும்பினியின் சென்னை அரசாங்கம் மருத்துவர்களைப் பணித்தது. ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்னும் மூவர் பெயரில் அந்த அறிக்கை 1816இல் லண்டனில் நூலாக வெளிவந்தது.

இவர்களுள் ஐன்ஸ்லியைத் தமிழ் படித்தவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையில் நூலாக்கியவர் அவர். நாட்டு மருத்துவத்தை எள்ளி நகையாடிக் கடந்துபோன துரைமார் வரிசையில் அவரை வைக்க இயலாது. ஆயினும் காய்ச்சலின் காரணம் என்று வரும்போது, அக்கால ஐரோப்பிய மருத்துவம் முழுவதும் நம்பியதையே அவரும் நம்பினார். பருவம் பிறழ்ந்த மழை, சதுப்பிலிருந்து எழும் நச்சாவி, மலைக்காட்டின் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். ஊர் மக்களோ அம்மனின் சினம் என்றார்கள். கூழ் காய்ச்சினார்கள், கொடை கொடுத்தார்கள். துரைமார் காற்றின் மேல் பழி போட்டார்கள். நம்மவர் தெய்வத்தின் மேல் போட்டார்கள். காதோரம் பாடிக்கொண்டு பறந்த கொசுவை இருவருமே பொருட்படுத்தவில்லை.

அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று; ஒற்றைச் செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணி. அனாபிலிஸ் இனப் பெண் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு உடலில் நுழைந்து, முதலில் கல்லீரலில் போய்ப் பதுங்குகிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓசையின்றிப் பெருகுகிறது. கடிபட்டவர் அந்நாள்களில் வயலுக்குப் போவார், சந்தைக்குப் போவார், ஒன்றும் தெரியாது. பின்னர் குருதிக்கு வந்து சிவப்பணுவுக்குள் புகுந்து, அதையே தின்று, பலவாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. எண்ணற்ற அணுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உடைவதால்தான் பல் கிட்டும் நடுக்கம், கொதிக்கும் சூடு, பிறகு வியர்வை என்ற வரிசை. பரவலாகக் காணப்படும் வகையில் இந்தச் சுற்று முடிய 48 மணி நேரம். இன்னொரு வகையில் 72 மணி நேரம்.

இங்கே ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். நம் பாட்டிமார் இதை ‘முறைக்காய்ச்சல்’ என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வரும் காய்ச்சல். குளத்து நீருக்கு முறை வைப்பதைப் போலக் காய்ச்சலும் முறை தவறாமல் வருவதைக் கண்டு வைத்த பெயர். உருப்பெருக்கி இல்லாமலே ஒட்டுண்ணியின் நாட்குறிப்பை அவர்கள் படித்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இதற்கு மேல் போகக் கூடாது. வகுப்பில் மாணவர்கள் சிலர் ஆர்வத்தோடு கேட்பதுண்டு: “ஐயா, பொதிகைச் சித்தர்கள் கிருமியை அப்போதே அறிந்திருந்தார்கள் அல்லவா?” ஆம் என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும். அவர்கள் முகம் வாடினாலும் இல்லை என்றே சொல்லி வருகிறோம். கிருமி என்ற வடசொல்லுக்குப் பழைய பொருள் புழு. கழுத்துப் புண்ணில் புழு வைத்ததாக வைணவ மரபு கூறும் மன்னனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர். அங்கே பாக்டீரியாவைத் தேடிப் பயனில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயை வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றின் ஏற்றத்தாழ்வாகவே காண்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் வெளியிலிருந்து வந்து நம்மை உண்கிறது என்பது வேறொரு சிந்தனை.

அச்சிந்தனைக்குச் சான்று கிடைக்க ஐன்ஸ்லி அறிக்கைக்குப் பின் பல பத்தாண்டுகள் ஆயின. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். ரொனால்டு ராஸ் 1897இல் நீலகிரியின் சீகூர்ப் பகுதிக்கு ஆய்வுக்குப் போய்த் தாமே காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அதன் தடயத்தைப் பார்த்தார். அறிக்கை எழுதிய மூவரையும் இதனால் மூடர் என்று தள்ளிவிட முடியாது. இடத்தையும் பருவத்தையும் அவர்கள் சரியாகவே ஐயுற்றார்கள். மலையடிவாரத்தின் மெல்லோடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் முட்டையிடும் அனாபிலிஸ் வகைகள் உண்டு. காற்றின் ஈரமும் வெப்பமும் கொசுவின் ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். குற்றம் நடந்த இடம் சரி, நேரமும் சரி; குற்றவாளிதான் வேறு.

நூற்றாண்டு இரண்டு கடந்து, 2012இல் இதே வட்டாரத்தில் கடையநல்லூரை டெங்கு தாக்கியது. உயிர்கள் போயின. இம்முறை எதிரி வைரஸ். சிவப்பணுவுக்குள் குடியேறிய மலேரியா ஒட்டுண்ணி இதன் முன்னே மலை. இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் காண முடியும். தனக்கென ஒரு செல்கூட இல்லாமல், நம் செல்லின் உறுப்புகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்வது. கொசுவும் வேறு: பகலில் கடிக்கும் ஏடிஸ். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் புகுந்து குடத்தையும் தொட்டியையும் கவிழ்த்தார்கள். எங்கள் வீட்டில் சுத்தமான தண்ணீர்தானே இருக்கிறது என்று கேட்ட பெண்களுக்கு விடை சொல்வது எளிதாக இருந்திராது. ஏனெனில் ஏடிஸ் நாடுவது அந்தச் சுத்தமான தண்ணீரைத்தான். குழாயில் நாள்கணக்கில் வராததால் அவர்களே சேமித்து வைத்த தண்ணீரை.