டி. நரசீபுரம் முதல் கூசின மனை வரை: மைசூரு மாவட்டத்தில் மழலையர் காப்பகத்தின் வரலாறு

காவிரியும் கபினியும் கூடுகிற ஊர் டி. நரசீபுரம். கர்நாடகத்தின் முதல் அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2 அன்று மைசூரு மாவட்டத்தின் இந்த வட்டத்தில்தான் திறக்கப்பட்டன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியபோது இங்கே 100 மையங்கள் அமைந்தன.

குழந்தைகளுக்கென்று தனி இடம் என்ற எண்ணம் கன்னட நாட்டுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆர். கல்யாணம்மா 1938-இல் பெங்களூரில் 'மக்கள கூட்ட'த்தைத் தொடங்கினார். (நாம் 'மக்கட்பேறு' என்ற சொல்லில் காத்துவைத்திருக்கும் பழைய பொருளில்தான் கன்னடத்தில் இன்றும் குழந்தைகளை 'மக்களு' என்கிறார்கள்.) நகரங்களில் 'சிசுவிகாரம்' என்ற மழலையர் பள்ளிகளும் இருந்தன. ஆனால் நாற்று நடப் போகும் பெண்ணின் பிள்ளைக்கு அவை எட்டாத தொலைவு. அந்தப் பிள்ளையைத் தேடி அரசு ஊருக்குள் வந்தது 1975-இல்தான் என்பதால், அந்த ஆண்டை நான் திருப்புமுனையாகக் கொள்கிறேன்.

கூடுதல் உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, முன்பருவக் கல்வி, தாய்மார்க்கு உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் அறிவுரை என அங்கன்வாடிக்கு ஆறு பணிகள். உத்தரத்தில் தொங்கும் தராசின் துணித்தொட்டிலில் குழந்தையை உட்காரவைப்பார் ஊழியர். அது கால்களை உதைத்துக்கொண்டு அழும். முள் நிற்கும்வரை தாய் அதன் கையைப் பிடித்திருப்பாள். எடை வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியாக விழும். பிள்ளை இளைக்கிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்தக் கோடு சொல்லிவிடும். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை மணி இருந்ததில்லை. உணவுத் துறையில் மைசூருக்குத் தனிப் பங்கும் உண்டு. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கோதுமையும் நிலக்கடலை மாவும் சேர்ந்த 'பாலாகார்' என்ற சத்துமாவை 1960-களில் உருவாக்கித் தந்தது.

ஆனால் அந்த ஆறு பணிகளில் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவு உண்டு, மடி இல்லை. தாய் வயலுக்குப் போனால் தம்பியை இடுப்பில் சுமந்தவள் அக்காள். அவள் பள்ளி இழந்தாள். 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, அவளைப் பள்ளிக்கு அனுப்பக் காப்பகம் வேண்டும் என்றது. தொழிற்சாலைச் சட்டமோ 1948-இல் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கேட்டது. 1976-இல் அதை 30 ஆக்கியது. மைசூரின் ஊதுவத்தியை வீட்டுத் திண்ணையில் உருட்டும் பெண்கள் இந்தக் கணக்குகள் எதிலும் வரவில்லை.

2005-இன் ஊரக வேலையுறுதிச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்றது. பிள்ளை வளர்ப்பும் கூலிக்குரிய வேலைதான் என்று சட்டமே சொன்ன இடம் இது. இதன் வழியில்தான் 2023-இல் கர்நாடக அரசு 4,000 கிராம ஊராட்சிகளில் 'கூசின மனை' என்ற காப்பகங்களைத் திறப்பதாக அறிவித்தது. 'கூசு' என்றால் பச்சைக்குழந்தை. அங்கன்வாடி ஏற்காத கைக்குழந்தைக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த வீடு என்றே இதைச் சொல்வேன்.

குறை ஒன்று அதன் கூலிக் கணக்கிலேயே இருந்தது. வேலையுறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் கூலிக்குத்தான் உறுதியளித்தது. ஆகவே ஊர்ப் பெண்கள் முறைவைத்துப் பராமரிப்பாளராக வேண்டியிருந்தது. ஒரு வயதுப் பிள்ளை ஓர் அக்காவின் குரலுக்குத் திரும்பிப் பார்க்கவும் அவர் தோளில் உறங்கவும் பழகியிருக்கும். அந்த 100 நாள் முடிந்ததும் அது இன்னொரு முகத்தைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.