கியூஹெச்எஸ்டி: ஐபிஎம் ஐ கணினியின் வரலாற்றுப் பதிவேடு

கியூஹெச்எஸ்டி என்பது ஐபிஎம் ஐ இயங்குதளத்தின் வரலாற்றுப் பதிவேடு. ஜாப்களின் (கணினிக்குத் தரப்படும் வேலைகளின்) தொடக்கமும் முடிவும், ஆபரேட்டருக்கு வரும் செய்திகளும், கருவிகளின் நிலை மாற்றங்களும், இயங்குதளத் திருத்தங்கள் நிறுவப்பட்ட விவரங்களும் இதில் நேர வரிசையில் சேர்கின்றன. இரவில் ஆளில்லாத நேரத்தில் ஓடிய பேட்ச் ஜாப்கள் எப்போது தொடங்கின, எந்த நிலையில் முடிந்தன என்பதை மறுநாள் காலையில் அறிய நிர்வாகிகள் நாடுவது இதைத்தான். ஒரு ஜாப் எப்படி முடிந்தது என்பதை இப்பதிவேடு துல்லியமாகச் சொல்லும். அந்த ஜாப் செய்ய வேண்டிய வேலை நடந்ததா என்பதற்கு இதில் நேரடி விடை கிடையாது.

பின்னணி

ஐபிஎம் ஐ இயங்குதளத்தின் முன்னோடி, 1988 ஜூன் 21 அன்று ஐபிஎம் அறிவித்த ஏஎஸ்/400 கணினி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் உள்ள ஐபிஎம் ஆய்வகம் இதை உருவாக்கியது. சிஸ்டம்/36, சிஸ்டம்/38 ஆகிய முந்தைய வணிகக் கணினிகளின் வழியில் வந்த இது, 2000இல் ஐசீரிஸ் என்றும் 2006இல் சிஸ்டம் ஐ என்றும் பெயர் மாறியது. 2008 முதல் பவர் சிஸ்டம்ஸ் வன்பொருளில் ஓடும் இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்பதே பெயர். சம்பளக் கணக்கு, சரக்கிருப்பு, வங்கிக் கணக்கு முடிப்பு போன்ற வணிக வேலைகளுக்காகவே வடிவமைக்கப்பட்டதால், பேட்ச் ஜாப்களின் நிர்வாகம் இதில் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட கருவியாக இல்லாமல் இயங்குதளத்தின் பகுதியாகவே அமைந்தது.

ஜாப்பின் அடையாளமும் பயணமும்

ஒவ்வொரு ஜாப்புக்கும் மூன்று பகுதிகள் கொண்ட முழுப்பெயர் உண்டு: ஆறு இலக்க எண், பயனர் பெயர், ஜாப் பெயர். ஒரே பெயரில் ஒரே பயனர் பல ஜாப்களை அனுப்பலாம் என்பதால் எண்ணே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. எண் 999999ஐ எட்டியதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நீண்ட காலப் பதிவுகளை ஒப்பிடும்போது எண்ணோடு தேதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எஸ்பிஎம்ஜாப் கட்டளையால் அனுப்பப்படும் ஜாப் முதலில் ஜாப் கியூவில் காத்திருக்கும். ஜாப்கள் ஓடும் சூழலான சப்சிஸ்டத்தில் இடம் கிடைத்ததும் செயல்நிலைக்கு வரும். முடிந்த பின்னும் அதன் அச்சு வெளியீடுகள் அவுட்புட் கியூவில் இருக்கும்வரை ஜாப்பின் பெயர் கணினியில் நீடிக்கலாம். இப்போது ஓடும் ஜாப்களைக் காட்டும் திரைகளில் முடிந்துபோன ஜாப்பைத் தேட முடியாது. நடந்து முடிந்ததை அறியப் பதிவேடு தேவைப்படுவது இதனால்தான்.

பதிவேட்டின் அமைப்பு

செய்திகள் கியூஹெச்எஸ்டி என்ற செய்தி வரிசைக்கு வந்து, அங்கிருந்து கியூசிஸ் நூலகத்தில் உள்ள கோப்புகளுக்கு நகலெடுக்கப்படுகின்றன. கோப்பின் பெயரில் கியூஹெச்எஸ்டி என்பதைத் தொடர்ந்து ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கங்கள், ஒரு வரிசைக் குறி ஆகியவை வரும். 24032 என்று இருந்தால் அது 2024 பிப்ரவரி 1ஐக் குறிக்கும். இது கோப்பின் முதல் செய்திக்குரிய தேதி மட்டுமே. நள்ளிரவைத் தாண்டி ஓடிய ஜாப்பின் தொடக்கமும் முடிவும் ஒரே கோப்பில் இருக்கலாம். இரு வேறு கோப்புகளிலும் இருக்கலாம். கோப்பு எந்த அளவில் நிறைந்ததாகக் கொள்ளப்பட்டு அடுத்தது தொடங்கும் என்பதை ஒரு சிஸ்டம் மதிப்பு தீர்மானிக்கிறது.

தொடக்கச் செய்தியும் முடிவுச் செய்தியும்

ஜாப் நிலையை அறிய இரண்டு செய்திகளே அடிப்படை. சிபிஎஃப்1124 ஜாப் தொடங்கியதைச் சொல்லும். எந்தச் சப்சிஸ்டத்தில் தொடங்கியது, கணினிக்குள் எப்போது நுழைந்தது என்ற விவரங்களும் அதில் இருக்கும். நுழைந்த நேரத்துக்கும் தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியே ஜாப் காத்திருந்த நேரம். இரவு வேலைகள் தாமதமாகும்போது ஜாப் மெதுவாக ஓடியதா, கியூவில் நெடுநேரம் நின்றதா என்பது இதில் தெரிந்துவிடும்.

சிபிஎஃப்1164 ஜாப் முடிந்ததைச் சொல்லும். முடிந்த நேரம், செலவான செயலி நேரம் ஆகியவற்றுடன் முடிவுக் குறியீடு ஒன்றும் இதில் இடம்பெறும். முக்கியமான குறியீடுகள்:

0: ஜாப் இயல்பாக முடிந்தது.
10: கட்டுப்பாட்டுடன் நிறுத்தும்படி கூறப்பட்ட வேளையில் இயல்பாக முடிந்தது.
20: பிழையின் தீவிரம், ஜாப்புக்கு விதித்த வரம்பைத் தாண்டியது.
30: இயல்புக்கு மாறாக முடிந்தது.
40: செயல்நிலைக்கு வருமுன்பே முடிக்கப்பட்டது.
50: ஓடிக்கொண்டிருக்கும்போது முடிக்கப்பட்டது.
60: ஜாப் ஓடும்போது சப்சிஸ்டம் இயல்புக்கு மாறாக நின்றது.
70: ஜாப் ஓடும்போது கணினியே இயல்புக்கு மாறாக நின்றது.

தொடக்கச் செய்தி இருந்து முடிவுச் செய்தி இல்லையென்றால் ஜாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது பதிலுக்காக நிற்கலாம். ஆர்பிஜி மொழியில் எழுதிய நிரல் ஒன்று பிழையில் சிக்கினால், என்ன செய்வது என்று ஆபரேட்டரின் செய்தி வரிசைக்குக் கேள்வி அனுப்பிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஆபரேட்டருக்கான செய்திகளும் வரலாற்றுப் பதிவேட்டில் ஏறுவதால், கேள்வி எப்போது எழுந்தது என்பதை அங்கேயே காணலாம். மூன்று மணி நேரம் ஓடியதாகத் தோன்றும் ஜாப், உண்மையில் பத்து நிமிடம் ஓடிவிட்டு மீதி நேரம் பதிலுக்குக் காத்திருந்ததாக இருக்கக்கூடும்.

பார்க்கும் வழிகள்

பதிவேட்டைத் திறக்கும் கட்டளை டிஎஸ்பிலாக். கால எல்லை, ஜாப் பெயர், செய்தி எண் ஆகியவற்றால் தேடலைச் சுருக்கலாம். செய்தி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சுழியமாகக் கொடுத்தால் அந்த வரிசையின் எல்லாச் செய்திகளும் வரும். சிபிஎஃப்1100 என்று கொடுத்தால் தொடக்கச் செய்தியும் முடிவுச் செய்தியும் சேர்ந்தே கிடைக்கும். ஊடாடு ஜாப்களின் செய்திகளும் இதே இடத்தில் குவிவதால், சுருக்காமல் தேடினால் வேண்டியதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பிந்தைய வெளியீடுகளில் பதிவேட்டை எஸ்கியூஎல் வழியாக அட்டவணைபோல் வாசிக்க ஹிஸ்டரி லாக் இன்ஃபோ என்ற செயற்கூறு உள்ளது. தொடக்கச் செய்தியையும் முடிவுச் செய்தியையும் ஜாப்பின் முழுப்பெயரால் இணைத்து, ஒவ்வொரு இரவும் ஜாப் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பட்டியலிட இது வசதியானது.

வரம்புகள்

முடிவுக் குறியீடு 0 என்பது இயங்குதளத்தின் பார்வையில் சொல்லப்படுவது. கட்டுப்பாட்டு மொழியில் எழுதிய நிரல்களில், பிழைச் செய்திகளைப் பிடித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. சிபிஎஃப்0000 என்று பொதுப்படக் கொடுத்தால் சிபிஎஃப் வகைப் பிழைகள் அனைத்தையும் அது விழுங்கிவிடும். அப்படி எழுதிய நிரல், கோப்பைத் திறக்க முடியாமலே வெளியேறினாலும் ஜாப் இயல்பாக முடிந்ததாகவே பதிவாகும்.

இதற்கு ஈடுசெய்ய, நிரலே தன் முடிவில் கியூஹெச்எஸ்டி வரிசைக்குச் சொந்தமாக ஒரு செய்தி அனுப்பலாம். வாசித்த பதிவுகள் எத்தனை, எழுதியவை எத்தனை, ஒதுக்கியவை எத்தனை என்று அதில் குறித்தால், வேலையின் விளைவும் ஜாப்பின் முடிவும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

விரிவான காரணத்துக்கு ஜாப் லாக்கைப் பார்க்க வேண்டும். ஜாப் ஓடியபோது எழுந்த செய்திகள் அதில் உள்ளன. இயல்பாக முடிந்தால் ஜாப் லாக் எழுத வேண்டாம் என்ற அமைப்பும் உண்டு. அந்த அமைப்பிலும் முடிவுக் குறியீடு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் லாக் எழுதப்படும். பிழையை விழுங்கி 0 குறியீட்டோடு முடிந்த ஜாப்புக்கு, மிகவும் தேவையான அந்தச் சமயத்தில், லாக் இல்லாமல் போகலாம்.

போதிய அதிகாரம் உள்ளவர் வரலாற்றுக் கோப்புகளை அழிக்க முடியும். தானியங்கித் துப்புரவும் பழையவற்றை நீக்கும். தணிக்கைக்கு உறுதியான சான்று வேண்டுமெனில் கியூஆட்ஜர்ன் என்ற தணிக்கை ஜர்னலில் ஜாப் விவரங்களைப் பதியச் செய்யலாம். ஜர்னலில் ஏறிய பதிவைத் தனியாக எடுத்துத் திருத்த முடியாது. ஜாப்கள் செலவிட்ட வளங்களின் கணக்குக்குத் தனி ஜர்னலும் உண்டு.

பிற கணினிகளில்

ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில் ஜெஸ்2 துணையமைப்பு, ஜாப் தொடங்கும்போது ஹெச்ஏஎஸ்பி373 செய்தியையும் முடியும்போது ஹெச்ஏஎஸ்பி395 செய்தியையும் தரும். கணினியின் செயல்பாடுகளைப் பதியும் எஸ்எம்எஃப் வசதியின் வகை 30 பதிவுகளில் ஜாப்பின் தொடக்கம், ஒவ்வொரு படியின் முடிவு, ஜாப்பின் முடிவு ஆகியவை தனித்தனியே சேரும். அங்கு ஒவ்வொரு படியும் 0, 4, 8, 12 போன்ற குறியீட்டைத் திருப்பித் தருவதால், எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்பது பதிவிலேயே தெரியும். ஐபிஎம் ஐ தருவது முழு ஜாப்புக்கும் ஒரே குறியீடு.

லினக்ஸ் கணினிகளின் கிரான் சேவை பெரும்பாலும் கட்டளை தொடங்கியதை மட்டுமே சிஸ்டம் லாக்கில் குறிக்கும். முடிவைப் பதிவதை நிரல் எழுதுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் 100 எண் நிகழ்வு வேலை தொடங்கியதையும் 102 முடிந்ததையும் குறிக்கும். அங்கும் 102 இருப்பது வேலை நிறைவேறியதற்குச் சான்றாகாது. ஓடிய நிரல் திருப்பித் தந்த குறியீட்டை 201 எண் நிகழ்வில் பார்க்க வேண்டும்.