பதுளை: தண்டவாளம் முடியுமிடம்

மலையகப் புகையிரதப் பாதை பதுளையில் முடிகிறது. கொழும்பு கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர். 1894இல் பண்டாரவளையை எட்டிய பாதை, பதுளைக்கு வர மேலும் முப்பதாண்டுகள் பிடித்தன. 1924 ஏப்ரல் 5ஆம் திகதியே நிலையம் திறக்கப்பட்டது.

காரணம் மலைச்சரிவு. தெமோதரையில் தண்டவாளத்தை வளையமாகச் சுற்றி இறக்கி, அந்நிலையத்தின் நேர்கீழே சுரங்கம் வழியாகக் கொண்டுசென்றார்கள். இத்தனை பாடும் முதன்மையாக ஊவாத் தேயிலையைக் கொழும்புத் துறைமுகம் சேர்ப்பதற்கே.

தோட்டங்களை உருவாக்கிய தமிழரின் முன்னோருக்கோ ரயில் வாய்க்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக நடந்தே மலையேறினார்கள். வழியில் மாண்டோர் பலர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. மூட்டை முடிச்சுகளோடு மலையக நிலையங்களில் ரயிலேறித் தலைமன்னார் சென்றார்கள்; அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியராயினர், சிலர் இலங்கையராயினர். பிரிவு ரயில் மேடையில் நிகழ்ந்தது.

எல்ல நகருக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க இன்று உலகமே வருகிறது. நடந்து வந்த மக்களுக்கு ரயில் கிடைத்தது திரும்பிப் போகத்தான் என்பதையும் அந்தப் பாதையின் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும்.