கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை: மனநோயும் வேலையும், ஒரு சின்ன வரலாறு

வகுப்பில் யாராவது ஏடாகூடமாகப் பேசினால் உடனே என்ன சொல்வோம்? "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா." நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குள் சிகிச்சையில் இருப்பவர்கள் ரொட்டி சுட்டு, அது மற்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போன கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனைப் பற்றி. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை எண்ணிக் கணக்குச் சொல்வது அவர் வேலை. காதில் யாரோ பேசுவது போல இருக்கும் என்பார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மில்காரருக்கு எல்லாம் தெரியும். முகம் சரியில்லாத அன்று "இன்னிக்குப் போயிட்டு நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிடுவார். மில் மூடியது. ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தார். இரண்டாவது வாரம் நைட் ஷிப்ட். மூன்றாவது வாரம் வீட்டில் இருந்தார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வாலன்டைன் கொனோலி என்ற மருத்துவர் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1961-ல் டாக்டர் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளர் ஆனார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர். 1978 வரை அவர்தான். வெளிநோயாளிகள் பிரிவு, தொழிற்சிகிச்சை மையம் இதெல்லாம் அவர் முயற்சியில் வந்தவை. ஓய்வு பெற்றபின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 2021-ல் 98 வயதில் காலமானார்.

எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான். 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் புதிதாக மனச்சிதைவு நோய் வந்த 90 பேரை மருத்துவர்கள் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆண்களில் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு வேலையில் இருந்தார்கள்! மேலைநாடுகளில் இந்த நோய் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்கள் மிகக் குறைவு. நம் ஊரில் எப்படி? உட்கார வைத்துச் சோறு போடும் அளவுக்கு அப்போது அரசு உதவித்தொகை இல்லை, வேலைக்குப் போயே ஆகவேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். அப்பா கடை, மாமா பட்டறை, சொந்தக் காணி என்று தெரிந்தவர்கள் இடம் கொடுத்தது இன்னொன்று. அந்த ரைஸ் மில் மாதிரி.

அந்த மாதிரி இடங்கள் நம் பகுதியில் இப்போது எத்தனை மிச்சம்? 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா (2014-ல் மூடியது). ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர். வேலை வந்தது, சம்பளம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். காலை ஷிப்ட் என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கவேண்டும், ராத்திரி போட்ட மாத்திரையின் தூக்கமே கலைந்திருக்காது. சிலருக்குத் தூக்கம் கெட்டாலே நோய் திரும்பும். "நாளைக்கு வாப்பா" என்று சொல்ல லைன் சூப்பர்வைசருக்கு அதிகாரம் கிடையாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் நியூ ஹாம்ப்ஷயரில் 1990 வாக்கில் பழைய முறையைத் தலைகீழாக்கினார்கள். வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடுவது பழைய முறை. இவர்கள் முதலில் உண்மையான சம்பளத்துக்கு உண்மையான வேலை வாங்கிக் கொடுத்தார்கள், பயிற்சியும் துணையும் அதற்குப் பிறகுதான். ஒரு வேலைத் துணைவர், அதிகபட்சம் 20 பேரைப் பார்த்துக்கொள்வார், சிகிச்சைக் குழுவோடு சேர்ந்தே இயங்குவார், முதலாளியிடமும் பேசுவார். ஆறு ஐரோப்பிய நகரங்களில் சோதித்து 2007-ல் முடிவு வந்தது: இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள், பழைய முறையில் 28.

நம் சட்டம்? 1995 சட்டம் மனநோயையும் ஊனம் என்றது, ஆனால் 3 சதவீத இடஒதுக்கீட்டில் அதற்குப் பங்கு இல்லை. 2016 சட்டம்தான் கொடுத்தது, அதுவும் வேறு சில பிரிவினரோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு சதவீதம், அரசு வேலையில் மட்டும். தனியாருக்காக மத்திய அரசு 2008-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுத்தால், முதலாளி கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மூன்று வருடம் அரசே கட்டும் என்பது அது தொடங்கியபோது இருந்த ஏற்பாடு. பி.காம். மாணவனாகச் சொல்கிறேன், கணக்குப்படி நல்ல திட்டம். ஆனால் அதற்குச் சான்றிதழ் காட்டவேண்டும். மனநோயைக் கம்பெனியிடம் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அந்தச் சான்றிதழிலேயே ஒரு வேடிக்கை உண்டு. குறைந்தது 40 சதவீத பாதிப்பு இருக்கவேண்டும். அதை அளக்கும் நான்கு விஷயங்களில் ஒன்று 'வேலை'. நன்றாக வேலை பார்த்தால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் சான்றிதழே போய்விடலாம் :-)

அந்த அண்ணனிடம் சான்றிதழ் இல்லை. எடுக்கச் சொன்னேன். "எடுத்துட்டு எந்த கேட்ல காட்றது?" என்றார். இப்போது கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடையில் பகலில் மட்டும் வேலை. கடைக்காரருக்கு எல்லாம் தெரியும்.