மதம் என்னும் ஏழாவது கேள்வி

2011 பிப்ரவரியில் ஒரு மத்தியானம். தேங்காய்த்திட்டில் எங்கள் தெருவுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்திருந்தார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர் ஏழாவது கேள்விக்கு வந்தார். மதம்? அந்த வீட்டு ஆயா முந்திக்கொண்டு சொல்லிச்சு: "எனக்கு எல்லாமே வில்லியனூர் மாதாதாம்மா." மருமகள் பதறிப்போய்க் குறுக்கிட்டார்: "எல்லாருக்கும் இந்துன்னே போட்டுக்குங்க டீச்சர். பையனுக்கு சர்டிபிகேட்டு வாங்கணும்." டீச்சர் இருவரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு மருமகள் சொன்னதை எழுதிக்கொண்டார். சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் அவருக்கு விதி.

இதில் யார் பொய் சொன்னது என்பது என் கேள்வி இல்லை. ஆயா சொன்னது நம்பிக்கை. மருமகள் சொன்னது சட்டம் கேட்கிற பதில். தெருவுக்குத் தெரிந்திருந்தது அந்த வீட்டின் சாதி. இந்த மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கிற கேள்வி உண்மையில் எதை அளக்கிறது?

உள்ளூர் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். சம்பா கோவிலுக்குள் தலித் கிறித்தவர்களைத் தனியே பிரித்து நின்ற சுவரையும், அதை எதிர்த்து அவர்கள் திரண்டுபோய் முறையிட்டதையும், 1745இல் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மதம் மாறினாலும் சாதி கூடவே வந்தது என்பதற்கு இது நம்மூர் சாட்சி.

அடுத்து 1881. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்த பிப்ரவரியில் முதன்முதலாக ஒரே சமயத்தில் தலை எண்ணினார்கள். மதமும் சாதியும் கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் நாட்டுக் கணக்கெடுப்பில் 1872க்குப் பிறகு மதம் கேட்பதையே விட்டுவிட்டவர்கள். ஆனால் 1881 செப்டம்பர் 21 ஆணை மூலம், புதுச்சேரிக்காரர்கள் தங்கள் 'சொந்தச் சட்ட'த்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்துக்குள் வரலாம் என்றார்கள். துறந்தவர்களில் கணிசமானோர் தலித் கிறித்தவர்கள். 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாயிற்று: ஐரோப்பியர், துறந்தோர், துறக்காதோர். முன்வாசலில் கேட்காத மதமும் சாதியும் 'சொந்தச் சட்டம்' என்ற பெயரில் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டன. ஆகவே, கேட்காமலே விட்டுவிட்டால் பாகுபாடு ஒழிந்துபோகும் என்கிற குடியரசுவாதம் நமக்குச் சரிப்படாது.

கேட்டவர்கள் பட்ட பாடு வேறு. 1911 கணக்கெடுப்பின் ஆணையர் கெய்ட், யார் இந்து என்று வரையறுக்க முடியாமல், யாரெல்லாம் முழுமையான இந்து இல்லை என்று பார்க்கச் சில சோதனைகளை முன்வைத்தார். பிராமண மேலாண்மையை மறுக்கிறார்களா, கோவிலுக்குள் விடப்படுகிறார்களா, இறந்தவர்களைப் புதைக்கிறார்களா, மாட்டிறைச்சி தின்கிறார்களா என்பவை அவற்றுள் சில. மேல்சாதித் தலைவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது, எண்ணிக்கை போய்விடுமே! 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் தம் மக்கள் இந்துக்கள் அல்லர் என்று வாதாடிக்கொண்டிருந்த காலமும் இதுதான்.

சுதந்திர இந்தியா அந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. 1950 ஆணை பட்டியல் சாதி என்றால் இந்துதான் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். புதுச்சேரிக்கான 1964 ஆணையிலும் மத நிபந்தனை உண்டு. கணக்கெடுப்புப் படிவம் இதை அப்படியே பின்பற்றுகிறது. 2011இல் ஏழாவது கேள்விக்குக் கிறித்தவர் என்று பதில் சொன்னால் எட்டாவது கேள்வியில் பட்டியல் சாதி என்று பதிய முடியாது. தலித் கிறித்தவர்கள் எத்தனை பேர் என்பது இப்படித்தான் மறைக்கப்படுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இந்து 87.30, கிறித்தவர் 6.29, முஸ்லிம் 6.05 விழுக்காடு என்று புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை கணக்கு சொன்னார்கள். அந்த 87.30க்குள் எத்தனை ஆயாக்கள்?

நீதிமன்றத்தின் அளவுகோல் இன்னொன்று. புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுக் கோவிலுக்குப் போய்வருகிறவர் சலுகைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்கெடுப்பு வாய்ச்சொல்லை எழுதிக்கொள்கிறது. நீதிமன்றம் நம்பிக்கையைத் துருவிப் பார்க்கிறது. ஆனால் சேரிக்குள் சாதி அனுபவிக்கப்படுவது இந்த இரண்டு வழியிலும் அல்ல.

கேள்வியின் சொல்லமைப்பே பதிலைக் கட்டமைக்கிறது என்பதை வெளியிலும் பார்க்கலாம். 2001இல் இங்கிலாந்து, வேல்ஸில் 'உங்கள் மதம் என்ன?' என்றார்கள்; மதமில்லை என்றவர்கள் 14.8 விழுக்காடு. ஸ்காட்லாந்தில் 'எந்த மதத்தை, சபையைச் சேர்ந்தவர்?' என்றார்கள், 27.5. இந்த வேறுபாட்டுக்குக் கேள்வி மட்டுமே காரணமில்லை என்றாலும் அதற்கும் பங்குண்டு. அயர்லாந்து 2022இல் 'ஏதேனும் இருந்தால்' என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டது. நம் படிவத்திலோ மதமில்லாதவருக்கு ஒரு கட்டம் கூட இல்லை. பெரியார் பிறந்த மண் என்று மட்டும் பேசிக்கொள்கிறோம்.

2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16இல் அறிவிக்கை வந்தது. சாதியும் எடுக்கப்படும் என்று முடிவாகியிருக்கிறது. நாம் கேட்க வேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன். மதக் கேள்வி 'ஏதேனும் இருந்தால்' என்று இருக்க வேண்டும். மதமில்லை என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். ஒவ்வொரு ஆளும் தனக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லக் கூடாது. மதப் பதில் சாதிப் பதிலைப் பூட்டக் கூடாது. யாருக்குச் சலுகை என்பதைச் சட்டம் பிறகு தீர்மானிக்கட்டும். எண்ணும்போதே ஆளை இல்லாமல் ஆக்க வேண்டாம்.

இன்னொன்றை அன்றைக்கே மருமகளிடம் சொல்லியிருக்க வேண்டும், எனக்கே அப்போது தெரியாது. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி தனியாள் பதிவை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. சாட்சியமாகவும் பொதுவாக ஏற்க முடியாது. டீச்சரிடம் சொன்ன பதிலை வைத்துப் பையனின் சர்டிபிகேட்டைப் பிடுங்க முடியாது. அடுத்த டீச்சர் வருவதற்கு முன்னால் தோழர்கள் தெருத்தெருவாகப் போய் இதையாவது சொல்லலாம். ஆயாக்கள் தங்கள் பதிலைத் தாங்களே சொல்லட்டும்.