சரயேவோவின் இரு நூலகங்கள்

1992 மே 17ஆம் நாள், போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் இருந்த கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் எறிகணைகளுக்கு இரையாகி எரிந்தது. நகரைச் சூழ்ந்த மலைகளில் நிலைகொண்டிருந்த செர்பியப் படையினர் ஏவியவை அவை. 1950இல் நிறுவப்பெற்ற அந்நிறுவனம் 5,263 கையெழுத்துப் பிரதிகளைப் பேணி வந்தது. அரபி, பார்சி, துருக்கி, ஹீப்ரு மொழிகளில் அமைந்தவற்றோடு, அரபு எழுத்தில் எழுதப்பெற்ற போஸ்னிய மொழிப் படைப்புகளும் அவற்றுள் இருந்தன. அரபுத்தமிழை அறிந்த நமக்கு இந்தக் கடைசி வகையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. அத்தொகுப்பில் மிகச் சிலவே மிஞ்சின. அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் இரவு அந்நகரின் தேசிய நூலகமும் தீக்கிரையானது. ஏறத்தாழ 15 இலட்சம் நூல்களைக் கொண்டிருந்த அதன் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

அதே நகரில், அதே முற்றுகையின் நடுவே, மற்றொரு நூலகம் தப்பிப் பிழைத்தது. உஸ்மானிய ஆளுநர் காஸி குஸ்ரவ் பேக் 1537ஆம் ஆண்டின் வக்ஃபு ஆவணத்தில், தம் மதரஸாவைக் கட்டி எஞ்சும் பொருளைக் கொண்டு நல்ல நூல்கள் வாங்கவேண்டும் எனப் பணித்திருந்தார். அதிலிருந்து வளர்ந்ததே காஸி குஸ்ரவ் பேக் நூலகம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே படியெடுக்கப்பெற்ற இஹ்யா உலூமித்தீன் பிரதியொன்று அதன் செல்வங்களுள் ஒன்றாகும்.

அதன் இயக்குநர் முஸ்தஃபா யஹிச்சும் ஊழியர்களும் கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டிகளில் அடைத்து, குண்டு மழைக்கிடையே இடம்விட்டு இடம் பலமுறை மாற்றினர். வாழைப்பழம் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளே அவர்களுக்குக் கிடைத்த பேழைகள். முற்றுகை நீடித்தபோதே நுண்படம் எடுக்கும் பணியையும் தொடங்கினர்.

துணிவு எங்கும் இருந்தது. தேசிய நூலகம் எரிந்தபோதும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூல்களைக் கைமாற்றி வெளியே கொணர்ந்தவர்கள் உண்டு. ஆனால் தீ பற்றிய பின்னர் துணிவால் காக்க முடிவது சிறிதே. ஆபத்து நெருங்குமுன் எதை முதலில் எடுப்பது, எங்கே ஒளிப்பது, எதற்கு நகல் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். காஸி குஸ்ரவ் பேக் நூலகம் தன் கையெழுத்துப் பிரதிகளின் அட்டவணையை 1963 முதலே அச்சிடத் தொடங்கியிருந்தது. எரிந்துபோன பிரதிகளுள் சிலவற்றின் நகல்கள் வெளிநாட்டு அறிஞர்களிடம் இருந்தன. அவற்றைத் தேடித் திரட்டும் முயற்சி 1994இல் தொடங்கியது. அவ்வாறு கிடைத்தவை ஒரு சிறு பகுதியே.

சட்டம் இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, போர்க்காலப் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளை அமைதிக் காலத்திலேயே செய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. 1999ஆம் ஆண்டின் இரண்டாம் நெறிமுறை இன்னும் தெளிவானது. அட்டவணை தயாரித்தல், தீயிலிருந்து காக்கும் அவசரத் திட்டம், பொருள்களை அகற்றுவதற்கான ஆயத்தம் என அது எண்ணிக் கூறுகின்றது. மாலி நாட்டின் திம்புக்துவில் அடக்கத்தலங்களை இடித்த ஒருவருக்கு, 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. எனினும் தண்டனை, அழிந்ததை மீட்டுத் தருவதில்லை.

இந்த ஆயத்தமே இன்று உயர்கல்வித் துறையாக வளர்ந்துள்ளது. இத்தாலியின் அமேலியா நகரில் 2009 முதல் கலைப்பொருள் குற்றங்களையும் பண்பாட்டுப் பாதுகாப்பையும் பற்றிய முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பு நடைபெற்று வந்துள்ளது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென யுனெஸ்கோ இருக்கையும் நிறுவப்பெற்றது. சட்டம், கள்ளச் சந்தையின் போக்கு, இடர் மதிப்பீடு, இராணுவத்தாருடன் உரையாடும் முறை ஆகியவை இத்துறையின் பாடங்கள்.

இங்கே நம் கவனத்துக்குரிய ஒன்றுண்டு. ஒரு பிரதியின் மதிப்பை அறியாதவரால் அதை முதலில் எடுக்கவேண்டும் என முடிவு செய்ய இயலாது. அரபியும் பார்சியும் கற்று, கித்தாபுகளின் பக்கங்களைப் புரட்டிப் பழகியவர்கள் இத்துறைக்கு வருவார்களாயின், பட்டியலிடும் பணி முதற்கொண்டு அனைத்தும் செம்மையுறும்.

2014இல் காஸி குஸ்ரவ் பேக் நூலகம் புதிய கட்டடத்தில் திறக்கப்பெற்றது. இன்று அங்கே 10,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவற்றுள் பல, வாழைப்பழப் பெட்டிகளில் பயணம் செய்தவை.