தாவரவியல் பூங்கா

ஆய்வு, கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றுக்காகச் செடிகொடிகளை உரிய விவரங்களுடன் வளர்த்துப் பேணும் இடம். புல்தரையும் பூப்பாத்தியும் பார்க்க வருபவர்களுக்காக. பூங்காவின் உயிர்நாடி பதிவேடு. எந்தக் காட்டிலிருந்து, எப்போது வந்தது என்று தெரியாத மரத்தால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு.

இத்தாலியின் படுவா நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் மூலிகைகளை இனங்காண்பதற்காக 1545இல் அமைக்கப்பட்ட தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

காலனியக் காலத்துப் பூங்காக்களின் கண் பணப்பயிர்மேல் இருந்தது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டனின் கியூ பூங்காவில் விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. நாற்றுகளில் பெரும்பங்கு இலங்கைக்குக் கப்பலேறியது. ஹெனரத்கொடத் தோட்டத்தில் அவை வேர்பிடித்தன. ஆசிய ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக, பிரேசிலின் ரப்பர் வணிகம் சரிந்தது. பூங்காக்களின் பெருமைக் கதைகளில் இந்தப் பாதி அடக்கியே வாசிக்கப்படுகிறது.

பெரிய பூங்காக்களில் உலர்தாவரத் தொகுப்பும் உண்டு. பூவும் இலையுமாகக் கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவார்கள். ஓரத்தில் சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர். உதிர்ந்த விதைகள் அதே தாளில் ஒரு சிறு உறைக்குள் இருக்கும்.

இப்போது விதை வங்கிகளும் சேர்ந்துள்ளன. கியூவின் விதை வங்கியில் உலர்த்திய விதைகள் உறைநிலைக்கு 20 டிகிரி கீழே கிடக்கின்றன. மா, பலா விதைகளுக்கு இது ஒத்துவராது, காய்ந்தால் செத்துவிடும். அவற்றை மரமாகவே வளர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது.